முதல் நாள் அரிசி சரி, மறுநாள் மணல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமிக்கு மறுநாள் எந்தத் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினாலும் ஒரே படம்தான்: தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசி, அதில் ஒரு பிஞ்சு விரல், அந்த விரலைப் பற்றியிருக்கும் பெரிய கை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இன்னொரு படம் வரும். அதில் அதே வயதுப் பிள்ளை புதுச் சீருடையில், கையில் ரோஜாவும் மிட்டாயுமாக நிற்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அந்த விரல் என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அரிசியில் எழுதுவது இடைக்காலத்தில் புகுந்த கோயில் சடங்கு, பழைய வழக்கம் மணல்தான் என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எழுதுகிறார். பாதிதான் சரி. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்பல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய பதில், எண்ணிக்கையோடு நிற்காமல் பள்ளியில் சேர்க்கும் முறையையும் விவரித்திருக்கிறது. பெல்லாரி தமிழ்ப் பகுதி அல்ல, கன்னடமும் தெலுங்கும் பேசிய மாவட்டம். ஆனாலும் வாசித்தால் நம் தாத்தா வீட்டுத் திண்ணை கண்முன் வந்துவிடும்.

பிள்ளைக்கு ஐந்து வயதானதும் வாத்தியாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டுக்கு அழைக்கிறார்கள். பிள்ளையாரை நடுவில் வைத்து வட்டமாக உட்காருகிறார்கள். புதுப் பிள்ளைக்கு இடம் பிள்ளையாருக்கு நேர் எதிரே. வாத்தியார் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, தூபம் காட்டி, அறிவைத் தா என்று வேண்டச் சொல்லி, விரலைப் பிடித்து அரிசியில் கடவுள் பெயரை எழுதுவிக்கிறார். பெற்றோர் தங்களால் இயன்றதைத் தந்து அவரை அனுப்புகிறார்கள். மறுநாள் காலை பள்ளி தொடங்குகிறது.

ஆக, அரிசி அன்றும் இருந்தது. ஆனால் ஒரே ஒரு நாள்தான். மறுநாள் காலையிலிருந்து பிள்ளை எழுதியது மணலில். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, எழுத்துகள் கைக்குள் வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். நாம் முதல் நாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அதற்கு அடுத்து வந்த மாதங்களை விட்டுவிட்டு, அரிசித் தட்டை மூடிய கையோடு பென்சிலையும் நாலு கோடு போட்ட நோட்டையும் மூன்று வயதுப் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

மணல் ஏழ்மைக்காக வந்த மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். செலவு குறைவு என்பது உண்மை, ஆனால் அது கற்பித்தல் முறையாகவே மதிக்கப்பட்டது. இத்தாலியப் பயணி பியேட்ரோ டெல்லா வாலே 1623இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள இக்கேரிக்குப் போகும் வழியில், ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஒருவன் பாடத்தை ராகமாகப் பாடிக்கொண்டே மணல் பரப்பிய தரையில் விரலால் எழுதுகிறான். மற்றவர்களும் அதையே பாடி எழுதுகிறார்கள். தரை நிறைந்ததும் அழித்துப் புது மணல் தூவுகிறார்கள். வாத்தியார் அருகில் இல்லை. நால்வரும் ஒரே இடத்தில் தவற மாட்டோம், ஒருவன் தவறினால் மற்றவன் திருத்துவான் என்று அவர்கள் சொன்னதாகக் குறித்திருக்கிறார்.

இதே காட்சி இங்கிலாந்துக்குப் போன கதை இன்னும் சுவையானது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப்புறப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியின் தொடக்க வகுப்புக்கும் அதையே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இது நடக்காது என்று கைவிரித்தார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது. நம் திண்ணைப் பள்ளியில், மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்து வந்த காரியம்தான். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் வழியாக ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. இங்கிலாந்தில் இதே போன்ற முறையில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளில் விளிம்பு கட்டிய மேசைகளில் மணலைப் பரப்பித் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை எழுதவைத்தார்கள். பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையையும் சிக்கனமாக எழுதப் பழக்கும் விதத்தையும் கேம்பலே தம் அறிக்கையில் வியந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்று எழுதினார்.

இதைச் சொன்னதும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று தூக்கிவைப்பவர்கள் வந்துவிடுவார்கள். அதே பெல்லாரி அறிக்கையில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் கணக்கில் வருகிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 60 பேர். காலையில் முதலில் வந்த பையனுக்கு உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழியம், அதாவது பாராட்டும் இல்லை, அடியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூட. கோதண்டம் என்ற தண்டனையில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டதும் திண்ணைப் பள்ளிதான். அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது மணல். பிரம்பை அங்கேயே விட்டுவிடலாம்.

மணல் ஏன் வேலை செய்கிறது? பென்சிலைப் பிடிக்க மூன்று விரல்கள் ஒத்துழைக்க வேண்டும், அதே நேரத்தில் எழுத்தின் வடிவமும் நினைவில் நிற்க வேண்டும். மூன்று நான்கு வயதில் இரண்டும் ஒருசேர வராது. பிடி தவறும், பிள்ளை அழுத்தும், முனை உடையும், எழுத்து கோணும், பெரியவர்கள் திட்டுவார்கள். மணலில் பிடி என்ற பிரச்சினையே கிடையாது. விரலே எழுதுகோல். வடிவம் மட்டும்தான் பாடம். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்று வாயால் நூறு முறை சொல்லிக் கொடுப்பதைவிட, மணலில் விரல் ஒரு சுழி கூடுதலாகச் சுற்றும்போது பிள்ளைக்கு அது உடனே பிடிபடுகிறது.

இனி வீட்டிலும் அங்கன்வாடியிலும் இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக.

தட்டு: ஒன்றே கால் அடி நீளம், ஓர் அடி அகலம், விளிம்பு 3 செ.மீ. பிளைவுட்டில் அடித்து உள்பக்கம் கரும்பலகைப் பெயின்ட் பூசினால் நல்லது. அடிப்பாகம் கறுப்பாகவும் மணல் வெளிறியும் இருந்தால்தான் எழுதிய கோடு பளிச்சென்று தெரியும். எவர்சில்வர் தாம்பாளத்தில் இது நடக்காது, கூசும். வேறு வழியில்லை என்றால் தாம்பாளத்தின் அடியில் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டிக்கொள்ளலாம். மணல் உரசித் தாள் கிழியும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

மணலின் கனம் அரை செ.மீ. இருந்தால் போதும். இந்தத் தட்டுக்கு ஒரு கிலோ பிடிக்கும். அதற்கு மேல் கொட்டினால் விரல் அடியைத் தொடாது, இரு பக்கமும் மணல் சரிந்து கோட்டை மூடிவிடும். நிறைய மணல் இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று இரண்டு மூன்று கிலோ கொட்டும் பள்ளிகளில் அது எழுதும் தட்டாக இருப்பதில்லை, வீடு கட்டி விளையாடும் தட்டாகிவிடுகிறது.

எந்த மணல் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆற்று மணலை மூன்று நான்கு தண்ணீரில், நீர் தெளியும் வரை கழுவி, வெயிலில் காயவைத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலித்து எடுக்க வேண்டும். கழுவாவிட்டால் தூசி பறந்து பிள்ளை தும்மும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது கல்லை உடைத்துச் செய்தது, துகளின் முனைகள் கூர்மையானவை, பத்து நிமிடத்தில் விரல் நுனி சிவந்துவிடும். கடல் மணலில் உப்பு இருப்பதால் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். கோலமாவு விரலுக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் அதுவும் பறக்கும், மூக்குக்குக் கெடுதல். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்ட ஊர்களில் ரவை நல்ல மாற்று. இதே தட்டுக்கு அரை கிலோவுக்குள் அடங்கும். வெறும் வாணலியில் லேசாக வறுத்து ஆறவைத்தால் வண்டு பிடிக்காது. எறும்பு வரும், ஆகவே வேலை முடிந்ததும் டப்பாவில் மூடிவைக்க வேண்டும். மழைக்காலத்தில் மணலானாலும் ரவையானாலும் வாரம் ஒருமுறை வாணலியில் சூடு காட்டாவிட்டால் கோட்டின் ஓரம் பிசிறும்.

அரிசியில் ஏன் எழுத்து சரியாக விழுவதில்லை என்பதும் இப்போது விளங்கும். பச்சரிசி மணி அரை செ.மீ. நீளம். ‘அ’வின் சுழிக்குள் நாலைந்து மணி உருண்டால் சுழி காணாமல் போய்விடும். சடங்குக்கு அரிசிதான் வேண்டும் என்பவர்கள் ஒரு பெரிய தாம்பாளத்தில் ஒரு கிலோ பரப்பி, எழுத்தைத் தாம்பாளம் முழுக்க வரும்படி எழுதவைத்தால் போதும். மஞ்சள் கலப்பவர்கள் தண்ணீர் தெளிக்காமல் தூளாகவே கலக்க வேண்டும். ஈர அரிசி விரலோடு சேர்ந்து நகரும்.

உட்காரும் இடம் முக்கியம். படத்துக்காகப் பெரியவர்கள் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து விரலைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு நேராகத் தெரியும் எழுத்து பிள்ளைக்குத் தலைகீழ். கேம்பல் பார்த்த வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் அல்லது பின்னால் அமர்ந்து, முழு முஷ்டியையும் இறுக்காமல், மணிக்கட்டைத் தாங்கி ஆட்காட்டி விரலை மட்டும் மெல்ல நடத்த வேண்டும். பிள்ளை சம்மணம் போட்டு அமர, தட்டு தரையில் இருக்கட்டும். மேசை உயரமானால் தோள் தூக்கும், கை சீக்கிரம் வலிக்கும். சடங்கன்று வலக்கைதான் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால் ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் முதல் எந்தக் கை தானாக வருகிறதோ அந்தக் கையால் எழுதட்டும். இடக்கைப் பிள்ளைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

சடங்கில் முதல் எழுத்து ‘அ’. அது மரபு, இருக்கட்டும். ஆனால் பழகுவதற்கு ‘அ’ மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று. சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நேர்க்கோடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதல் இரண்டு வாரம் எழுத்தே வேண்டாம். மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு, வட்டம், உள்ளிருந்து வெளியே விரியும் சுழி, இவ்வளவுதான். பிறகு ட, ப, ம, ய. அடுத்து ர, க, த, ச. வ, ல, ள, ழ அதற்குப் பின். ன, ண வந்து சுழி கைக்குள் அடங்கியதும் அ, இ எழுதவைத்தால் தானாக வரும். இரண்டு நாளுக்கு ஓர் எழுத்து, நாளுக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் பிள்ளை இருக்காது, இருக்கவைக்கவும் கூடாது. முதலில் எழுத்து ஒரு சாண் உயரம் இருக்கட்டும். போகப் போக நாலு விரல்கடை அளவுக்குக் குறைக்கலாம்.

‘ட’வை இரண்டு துண்டாக எழுதுவது பரவலான பிழை. பிள்ளை நேர்க்கோட்டைப் போட்டுவிட்டு விரலை எடுத்து, அடிக்கோட்டை வலமிருந்து இடமாக இழுத்து ஒட்டவைக்கும். மணலில் பார்க்கச் சரியாகவே தோன்றும். சிலேட்டுக்குப் போனதும் இரண்டு கோடும் பிரிந்து நிற்கும். ஆகவே முடிந்த எழுத்தைப் பார்ப்பது போதாது, விரல் போகும் வழியைப் பார்க்க வேண்டும். எழுதும்போது வாய் பேச வேண்டும் என்பது டெல்லா வாலே பார்த்த சிறுவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் ‘ஆனா, ஆவன்னா’ என்று பழைய பாணியில் பெயர் சொல்ல வேண்டாம், ஒலியை மட்டும் சொன்னால் போதும். பெயரைப் படித்த பிள்ளை ‘அம்மா’ என்ற சொல்லை ‘ஆனா’வில் தொடங்கித் திணறும்.

மணலுக்கு அடுத்தது சிலேட்டும் பலப்பமும். கல் சிலேட்டைக் கோவை இலையும் அடுப்புக்கரியும் தேய்த்துக் கறுப்பாக்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போது விற்கும் பிளாஸ்டிக் சிலேட்டு வழுக்கும், பலப்பம் பிடிமானம் இல்லாமல் ஓடும். கல் சிலேட்டு கிடைத்தால் அதையே வாங்கலாம். பென்சில் கடைசியில்தான்.

இவ்வளவு எளிய பொருள் வகுப்பறையிலிருந்து மறையச் சிலேட்டு வந்தது மட்டும் காரணம் அல்ல. மணல் சாட்சி சொல்லாது. பார்வையிட வரும் அதிகாரிக்கும், மாலையில் பையைத் திறக்கும் பெற்றோருக்கும் நிரம்பிய நோட்டுதான் படிப்பு நடந்ததற்கு அடையாளம். பிள்ளை பத்து முறை தவறி பதினோராவது முறை சரியாக எழுதியது தட்டில் தங்குவதில்லை. தவறு தங்காமல் போவதுதான் பிள்ளைக்கு நிம்மதி என்பது நோட்டில் மதிப்பெண் போடுகிறவர்களுக்குப் புரிவதில்லை.

விஜயதசமி, ஜூன் என இரண்டு தொடக்கங்கள் இருப்பதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று நவராத்திரியோடு வந்தது. மற்றது கோடை விடுமுறையைக் கணக்கிட்டு ஆங்கிலேயர் காலப் பள்ளி நடைமுறை தந்தது. யாழ்ப்பாணத்தில் விஜயதசமியோடு தைப்பூசத்திலும் ஏடு தொடக்குவார்கள். அண்மைக்காலமாக நம் அரசுப் பள்ளிகளிலும் விஜயதசமியன்று கதவைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடக்கிறது. புரட்டாசியிலோ ஐப்பசியிலோ ஏடு தொடங்கிய பிள்ளைக்கு ஜூன் வரை கிடைக்கும் மாதங்கள், மேலே சொன்ன வரிசைக்கு ஏறத்தாழ அளவெடுத்தது போலப் பொருந்தும். ஒன்றாம் வகுப்பில் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் உட்காரும்போது அந்தப் பிள்ளைக்கு எழுத்தின் வடிவம் பழகியிருக்கும்.

இதையொட்டி இரண்டு வேண்டுகோள்கள். விஜயதசமிச் சேர்க்கைக்கு வரும் குடும்பங்களுக்குக் கல்வித்துறை இனிப்போடு ஒரு மணல் தட்டையும் கொடுத்தனுப்ப வேண்டும். இருபது பிள்ளைகள் உள்ள அங்கன்வாடிக்கு இருவருக்கு ஒன்றாகப் பத்துத் தட்டும் பத்துக் கிலோ சலித்த மணலும் போதும். ஒரு பிள்ளை எழுத, மற்றது பார்த்துத் திருத்தும். இரண்டாவது வேண்டுகோள் தங்கள் நாளிதழுக்கு. அடுத்த விஜயதசமி இதழில் அரிசித் தட்டுப் படத்தின் அளவைச் சற்றே குறைத்து, அந்த இடத்தில் ட முதல் அ வரை ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறியிட்ட படத்தை அரைப் பக்கத்துக்கு வெளியிடுங்கள். பெற்றோர் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக, பின்பக்கம் விளம்பரம் இருக்கும் பக்கமாகப் பார்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.